பார்பரா: போக மறுத்த நகரைப் பாடியவர்

1964ஆம் ஆண்டு ஜூலை மாதம். ஜேர்மனியின் கோட்டிங்கன் நகரில் ஒரு சிறிய நாடக அரங்கு. ரசிகர்கள் காத்திருக்கிறார்கள். பாரிஸிலிருந்து வந்த பாடகியோ மேடையேற மறுக்கிறார். அவர் கேட்டிருந்தது கறுப்பு நிற கிராண்ட் பியானோ. அங்கே இருந்தது சுவரோடு வைக்கும் சாதாரண பியானோ. நகரில் பியானோ சுமக்கும் தொழிலாளர்கள் வேலைநிறுத்தத்தில் இருந்தார்கள். கடைசியில் மாணவர்கள் சிலர் ஒரு மூதாட்டியின் வீட்டுப் பியானோவை இரவல் வாங்கித் தாங்களே சுமந்து வந்தார்கள். ஏறத்தாழ இரண்டு மணித்தியாலம் தாமதமாக நிகழ்ச்சி ஆரம்பமானது.

அந்தப் பாடகியின் பெயர் பார்பரா. பியானோ அவருக்குச் சாட்டு மட்டுமே என்றும் சொல்லலாம். ஜேர்மனிக்கு வருவதற்கே அவர் முதலில் மறுத்திருந்தார். அதற்கான காரணம் அவருடைய சிறுவயதில் இருந்தது.

மொனிக் செர்ஃப் என்ற இயற்பெயர் கொண்ட அவர், 1930 ஜூன் 9ஆம் திகதி பாரிஸில் ஒரு யூதக் குடும்பத்தில் பிறந்தார். நாஜிப் படைகள் பாரிஸுக்குள் நுழைந்தபோது அவருக்கு வயது பத்து. குடும்பம் ஊர் ஊராக இடம்பெயர்ந்தது. போரின் கடைசி ஆண்டுகளில் தென்கிழக்குப் பிரான்ஸின் சென் மார்செலன் என்ற சிற்றூரில் ஒளிந்து வாழ்ந்தது.

வெளியே இருந்த ஆபத்து வீட்டுக்குள்ளும் இருந்தது. சிறுமியாக இருந்தபோதே தந்தையால் அவர் பாலியல் கொடுமைக்கு உள்ளானார். உயிரோடு இருந்தவரை அதைப் பகிரங்கமாகச் சொன்னதில்லை. அவர் எழுதி முடிக்காமல் விட்டுச்சென்ற நினைவுக் குறிப்புகள் 1998இல் நூலாக வந்தபோதுதான் உலகம் அறிந்துகொண்டது.

போருக்குப் பின்னர் பிரசெல்ஸிலும் பாரிஸிலும் சிறு மேடைகளில் பாடினார். பாட்டி வர்வாராவின் பெயரிலிருந்து தன் மேடைப் பெயரை எடுத்துக்கொண்டார். 1958 முதல் செய்ன் நதிக்கரையில் இருந்த லெக்லூஸ் என்ற சிறிய அரங்கில் பாடியபோது நள்ளிரவுப் பாடகி என்று பெயர் பெற்றார். முதலில் ஜோர்ஜ் பிரசென்ஸ், ஜாக் பிரெல் போன்றோரின் பாடல்களைப் பாடியவர், படிப்படியாகத் தானே எழுதி இசையமைக்கத் தொடங்கினார்.

குடும்பத்தை விட்டுப் போயிருந்த தந்தை 1959 டிசம்பரில் நாந்த் நகரில் இறக்கும் தறுவாயில் இருப்பதாகத் தகவல் வந்தது. பார்பரா போய்ச் சேர்வதற்குள் அவர் இறந்துவிட்டார். அந்தப் பயணமே அவருடைய புகழ்பெற்ற பாடல்களில் ஒன்றானது. காலம் தாழ்ந்து வந்த மகளின் துயரம் அதில் இருக்கிறது. அந்தத் துயரத்துக்குப் பின்னால் இருந்த உண்மையை ரசிகர்கள் அப்போது அறியவில்லை.

கோட்டிங்கனிலும் அவர் நினைத்தது நடக்கவில்லை. பியானோ சுமந்து வந்த மாணவர்களின் அன்பு அவரை ஒரு வாரம் வரை அங்கேயே தங்கவைத்தது. புறப்படுவதற்கு முன்னர் அரங்கின் தோட்டத்தில் இருந்து அந்த நகரின் பெயரிலேயே ஒரு பாடலை எழுதினார். அது போரை மறக்கச் சொல்லவில்லை. அந்த ஊரின் ரோஜாக்களையும் பிள்ளைகளையும் பற்றிப் பேசி, அந்த நாட்கள் திரும்பக் கூடாது என்று வேண்டியது. 1967இல் அதை ஜேர்மன் மொழியிலும் பதிவுசெய்தார்.

பிரான்ஸும் ஜேர்மனியும் நட்புறவு உடன்படிக்கையில் கையெழுத்திட்டது 1963இல். அதன் நாற்பதாவது ஆண்டு நிறைவின்போது, கோட்டிங்கனில் சட்டம் படித்தவரான ஜேர்மன் அதிபர் கெர்ஹார்ட் ஷ்ரோடர், வெர்சாய் உரையில் நினைவுகூர்ந்தது இந்தப் பாடலைத்தான்.

எண்பதுகளின் பிற்பகுதியில் எயிட்ஸ் நோயாளிகளை மற்றவர்கள் ஒதுக்கியபோது பார்பரா அவர்களுக்காகப் பாடினார்; சிறைச்சாலைகளுக்கும் சென்றார். 1997 நவம்பர் 24ஆம் திகதி காலமானார். அவர் வர மறுத்த கோட்டிங்கனில் இன்று அவர் பெயரில் ஒரு வீதி இருக்கிறது.