இராஜாஜியின் அறிவியல் தமிழ்ப் பணி

இராஜாஜி என்று பரவலாக அறியப்படும் சக்கரவர்த்தி இராஜகோபாலாச்சாரி (டிசம்பர் 10, 1878 - டிசம்பர் 25, 1972) தமிழகத்தைச் சேர்ந்த வழக்கறிஞர், விடுதலைப் போராட்ட வீரர், அரசியல்வாதி, எழுத்தாளர் ஆவார். விடுதலை பெற்ற இந்தியாவின் கடைசித் தலைமை ஆளுநராக 1948 முதல் 1950 வரை பணியாற்றியவர். அரசியலுக்கு அப்பால், அறிவியலைத் தமிழில் கற்பிக்க முடியும் என்று நம்பி, அதற்குத் தேவையான கலைச்சொற்களை உருவாக்கும் முயற்சியைத் தொடங்கிய முன்னோடிகளுள் ஒருவராகவும் இவர் விளங்கினார்.

பிறப்பும் கல்வியும்

இராஜாஜி ஓசூரை அடுத்த தொரப்பள்ளி என்னும் சிற்றூரில் பிறந்தார். அப்போது சேலம் மாவட்டத்தில் இருந்த இவ்வூர், தற்போது கிருட்டிணகிரி மாவட்டத்தில் உள்ளது. தந்தை சக்கரவர்த்தி வெங்கடார்யா, தாயார் சிங்காரம்மா. தந்தை அவ்வூரின் முன்சீப்பாக இருந்தார். தமிழ், தெலுங்கு, கன்னடம் ஆகிய மூன்று மொழிகளும் வழங்கும் எல்லைப் பகுதி இது.

ஓசூரில் பள்ளிக் கல்வி பெற்ற இராஜாஜி, பெங்களூர் மத்தியக் கல்லூரியில் பயின்று 1894 ஆம் ஆண்டு பட்டம் பெற்றார். பின்னர் சென்னை மாநிலக் கல்லூரியில் சட்டம் பயின்றார். 1900 ஆம் ஆண்டளவில் சேலத்தில் வழக்கறிஞர் தொழிலைத் தொடங்கினார். 1917 முதல் 1919 வரை சேலம் நகராட்சித் தலைவராக இருந்தார்.

கலைச்சொல் சங்கம்

அக்காலத்தில் உயர்கல்வி ஆங்கிலத்திலேயே நடைபெற்றது. ஆங்கிலம் அறியாதவருக்கு நவீன அறிவியல் எட்டாததாகவே இருந்தது. இந்நிலையை மாற்ற வேண்டுமானால் முதலில் சொற்கள் வேண்டும். இதற்காக 1916 ஆம் ஆண்டு இராஜாஜி தமிழ் அறிவியல் கலைச்சொல் சங்கம் ஒன்றை உருவாக்கினார். தாவரவியல், வேதியியல், இயற்பியல், வானியல், கணிதம் ஆகிய துறைகளின் கருத்துகளுக்கு எளிய தமிழ்ச் சொற்களை ஆக்குவது இதன் நோக்கமாகும்.

கலைச்சொல்லின் தேவை

இயற்பியலில் அன்றாடச் சொற்கள் ஏன் போதா என்பதை இயக்கவியலின் அடிப்படைக் கருத்துகளைக் கொண்டே விளக்கலாம். ஓசூரிலிருந்து பெங்களூர் சுமார் 40 கிலோமீட்டர் தொலைவில் உள்ளது. ஒரு பேருந்து அங்கே ஒரு மணி நேரத்தில் சென்று, உடனே திரும்பி, ஒரு மணி நேரத்தில் ஓசூரை அடைவதாகக் கொள்வோம். அதன் சராசரி வேகம் மணிக்கு 40 கிலோமீட்டர். ஆனால் புறப்பட்ட இடத்திற்கே வந்துவிட்டதால் இடப்பெயர்ச்சி சுழியம். எனவே சராசரித் திசைவேகமும் சுழியமே. திசையையும் கணக்கில் கொள்ளும் அளவுக்கு வேறொரு சொல் இல்லாவிடில் இவ்விரண்டையும் பிரித்தறிய இயலாது.

ஓய்வு என்ற சொல்லும் அத்தகையதே. பேருந்தில் அமர்ந்திருக்கும் பயணி, பேருந்தைப் பொறுத்து ஓய்வில் இருக்கிறார். சாலையோரப் புளியமரத்தைப் பொறுத்து இயக்கத்தில் இருக்கிறார். பேருந்து திடீரென நிறுத்தப்படும்போது அவர் முன்னோக்கிச் சாய்வதற்குக் காரணம் நிலைமம் ஆகும். புறவிசை செயற்படாதவரை ஓய்வில் உள்ள பொருள் ஓய்விலேயே இருக்கும். இயங்கும் பொருள் சீரான திசைவேகத்துடன் நேர்கோட்டில் இயங்கும். பொருளின் இப்பண்பே நிலைமம். பொதுவழக்கில் உள்ள சோம்பல், அசைவின்மை போன்ற சொற்கள் இயங்கும் பொருளின் நிலைமத்தைக் குறிக்கப் பயன்படா.

எழுத்துப் பணி

இராஜாஜி 1919 ஆம் ஆண்டு காந்தியைச் சந்தித்த பின், வழக்கறிஞர் தொழிலைக் கைவிட்டு விடுதலை இயக்கத்தில் முழுமையாக ஈடுபட்டார். 1930 இல் வேதாரண்யம் உப்புச் சத்தியாக்கிரகத்துக்குத் தலைமை தாங்கினார். எனினும் அறிவியல் எழுத்தை அவர் கைவிடவில்லை. வேதியியலின் அடிப்படைகளை விளக்கும் திண்ணை இரசாயனம், தாவரவியல் பற்றிய தாவரங்களின் இல்லறம் ஆகிய நூல்களை எழுதினார். அறிவியலைத் தமிழில் சொல்ல இயலுமா என்னும் ஐயத்தை எடுத்துக்கொண்டு தமிழில் முடியுமா என்ற நூலையும் எழுதினார்.

மொழிச் சிக்கல்கள்

1937 இல் சென்னை மாகாணத்தின் முதல்வரான இராஜாஜி, பள்ளிகளில் இந்தியைக் கட்டாயப் பாடமாக்கினார். இதனால் பெரும் போராட்டம் எழுந்தது. 1939 இல் அவர் பதவி விலகிய பின், 1940 இல் இவ்வாணை திரும்பப் பெறப்பட்டது. தமிழில் அறிவியல் வளர உழைத்தவரே தமிழார்வலர்களின் கடும் எதிர்ப்புக்கும் உள்ளானார்.

கலைச்சொல்லாக்கம் பிறராலும் தொடரப்பட்டது. சென்னை மாகாணத் தமிழ்ச் சங்கம் 1938 இல் கலைச்சொல் தொகுப்பொன்றை வெளியிட்டது. 1940 இல் சீனிவாச சாத்திரியார் தலைமையில் அரசு அமைத்த குழு வடசொற்களுக்கு முதன்மை தருவதாகத் தமிழறிஞர்கள் எதிர்த்தனர். சொல் எளிதாக இருக்க வேண்டும் என்பதோடு, எம்மொழி வேரிலிருந்து வர வேண்டும் என்பதும் விவாதமாயிற்று.

இன்றைய நிலை

இராஜாஜி தொடங்கிய பணி இன்னும் முற்றுப்பெறவில்லை. தமிழ்நாட்டுப் பாடநூல்களில் திசை சாராத அளவு வேகம் எனவும், திசையுடன் கூடியது திசைவேகம் எனவும் வழங்கப்படுகின்றன. இலங்கைப் பாடநூல்களில் முன்னது கதி, பின்னது வேகம். ஆகவே வேகம் என்ற ஒரே சொல் இரு நாட்டு மாணவர்களுக்கும் இருவேறு அளவுகளைக் குறிக்கிறது. தமிழ்நாட்டின் நிலைமம் இலங்கையில் சடத்துவம் எனவும், முடுக்கம் ஆர்முடுகல் எனவும் வழங்குகின்றன. ஒரு நாட்டு நூலை மற்றொரு நாட்டவர் படிக்கும்போது இவ்வேறுபாட்டைக் கருத்திற் கொள்ள வேண்டும்.

இறுதிக் காலமும் நினைவிடமும்

1952 முதல் 1954 வரை சென்னை மாநில முதலமைச்சராக இருந்த இராஜாஜிக்கு, 1954 இல் பாரத ரத்னா விருது வழங்கப்பட்டது. 1959 இல் சுதந்திராக் கட்சியைத் தொடங்கினார். 1972 டிசம்பர் 25 அன்று தமது 94 ஆம் வயதில் சென்னையில் காலமானார். தொரப்பள்ளியில் அவர் பிறந்த இல்லம் நினைவு இல்லமாகப் பேணப்படுகிறது.