இலவச டிக்கெட், கூடவே ஒரு குடை: வ.உ.சி. நடத்திய கப்பல் யுத்தம்

திருநெல்வேலியிலிருந்து திருச்செந்தூர் போற பஸ்ல ஏறினா, ஸ்ரீவைகுண்டத்துக்குக் கொஞ்சம் முன்னாடி ஆதிச்சநல்லூர் வரும். 1899-லிருந்து சில வருஷம் அலெக்சாண்டர் ரீ என்ற தொல்லியல் அதிகாரி இங்கே தோண்டிக்கிட்டு இருந்தார். முதுமக்கள் தாழி, இரும்பு ஆயுதம், வெண்கலப் பாத்திரம், தங்கப் பட்டம் எனக் குவியல் குவியலாக வெளியே வந்தது. வெண்கலம் செய்யத் தாமிரமும் தகரமும் வேணும். இரண்டும் இந்தத் தேரிக்காட்டுப் பக்கம் விளையுற சாமான் இல்ல. எங்கிருந்தோ வந்திருக்கணும். வந்ததுக்கு யாரோ கூலியும் கொடுத்திருக்கணும்.

சரக்கைக் கடல் வழியா கொண்டுபோய்ச் சேர்க்க வாங்கும் அந்தக் கூலிக்குத்தான் கப்பல் தொழிலில் ஃபிரைட் என்று பெயர். நிறைய பேர் ஃபிரைட் என்றால் சரக்கு என்றே நினைச்சுக்கிறாங்க. இந்தக் கதை முழுக்க அந்தக் கூலியைப் பற்றியதுதான்.

ரீ இங்கே தோண்டிக்கொண்டிருந்த அதே 1900-ல், ஒட்டப்பிடாரத்து வக்கீல் ஒருத்தர் தூத்துக்குடிக்குக் குடிவந்தார். 1872 செப்டம்பர் 5 அன்று பிறந்தவர். அப்பா உலகநாதப் பிள்ளையும் வக்கீல். தமிழ் இலக்கியத்தில் தீராத ஆசை, கோர்ட்டில் நல்ல பெயர், கையில் ஓரளவு காசு. அப்படியே இருந்திருந்தா ஒரு பெரிய வக்கீலாகப் பெயர் வாங்கிட்டுப் போயிருப்பார். ஆனா வ.உ.சிதம்பரம் பிள்ளை குடிவந்தது ஒரு துறைமுக ஊருக்கு.

அன்றைய தூத்துக்குடித் துறைமுகத்தை இப்போ இருக்கிற மாதிரி கற்பனை பண்ணாதீங்க. கரையோரம் ஆழம் கிடையாது. நீராவிக் கப்பல்கள் சில மைல் தள்ளி நடுக்கடலில் நங்கூரம் போட்டு நிற்கும். பஞ்சு மூட்டையோ அரிசி மூட்டையோ, மனுஷனோ, எல்லாம் தோணியில் ஏறிப் போய்த்தான் கப்பலில் மாறணும். பெரிய கப்பலுக்கும் கரைக்கும் நடுவில் சரக்கு சுமக்கும் இந்தப் படகுகளுக்கு லைட்டர் என்று பெயர். அதுக்குத் தனிக் கூலி. கன்டெய்னர் என்ற இரும்புப் பெட்டி கப்பலேறியது 1956-ல்தான், அதுவும் அமெரிக்காவில். அதுவரைக்கும் உலகம் முழுக்க மூட்டை மூட்டையா, பெட்டி பெட்டியா ஆள் தூக்கித்தான் ஏத்தினாங்க. பிரேக் பல்க் என்று இன்னைக்குச் சொல்றாங்களே, அதேதான்.

இருந்தாலும் இந்த ஊருக்கு ஒரு மவுசு இருந்தது. 1876-லேயே ரயில் வந்தாச்சு. மெட்ராஸிலிருந்து ரயிலில் வந்து இறங்கி, தோணி ஏறி, கப்பல் மாறி மறுநாள் கொழும்பு போகலாம். தேயிலைத் தோட்டத்துக்குப் போன கூலி ஜனங்கள், அரிசி, துணி, கருவாடு எல்லாம் இந்த வழியாகத்தான் இலங்கைக்குப் போச்சு. அந்த வழி முழுக்க ஒரே கம்பெனி கையில் இருந்தது. பெயர் பிரிட்டிஷ் இந்தியா ஸ்டீம் நேவிகேஷன், சுருக்கமா பி.ஐ.

கப்பலில் இரண்டு ஜாதி உண்டு. எங்கே சரக்கு கிடைக்குதோ அங்கே போகும் நாடோடிக் கப்பலுக்கு டிராம்ப் என்று பெயர். டவுன் பஸ் மாதிரி குறிச்ச ரூட்டில், குறிச்ச நாளில், சரக்கு இருந்தாலும் இல்லாட்டியும் கிளம்புவது லைனர். பி.ஐ. ஓட்டியது லைனர். வியாபாரிக்கு லைனர்தான் உசிரு. வெள்ளிக்கிழமை கப்பல் வெள்ளிக்கிழமை கிளம்பினாதான் கொழும்பில் இருக்கிறவனுக்கு அவன் வாக்கு கொடுக்க முடியும். அதனால ஒரே கம்பெனி மட்டும் இருக்கும்போது அவங்க சொன்னதுதான் ரேட். எதிர்த்துப் பேச ஆளில்லை.

1905-ல் வங்காளத்தைப் பிரிச்சாங்க. சுதேசி அலை நாடு முழுக்கப் பரவியது. மற்ற ஊர்களில் துணி, சோப்பு, தீப்பெட்டி என்று சுதேசிச் சாமான் செய்ய ஆரம்பிச்சாங்க. வ.உ.சி. கப்பலில் கை வைத்தார். சாமானை நீங்க தயாரிச்சாலும் அதைச் சுமக்கிற கூலி வெள்ளைக்காரக் கம்பெனிக்குத்தானே போகுது என்பது அவருக்குப் புரிந்திருந்தது. அந்தக் காலத்தில் இதை இவ்வளவு தெளிவாகப் பார்த்தவங்க ரொம்பக் கம்மி என்பது என் எண்ணம்.

1906 அக்டோபரில் சுதேசி ஸ்டீம் நேவிகேஷன் கம்பெனி பதிவானது. மூலதனம் 10 லட்சம் ரூபாய். பங்கு ஒன்று 25 ரூபாய் வீதம் 40,000 பங்குகள். தலைவர் மதுரைத் தமிழ்ச் சங்கம் கண்ட பாண்டித்துரைத் தேவர். ஹாஜி முகமது பக்கீர் சேட் என்ற வியாபாரி தனி ஆளாக 8,000 பங்கு வாங்கினார், அதாவது 2 லட்சம் ரூபாய். சேலம் விஜயராகவாச்சாரியார் சட்ட ஆலோசகர். இன்னைக்கு இருக்கிற ஸ்டார்ட்-அப் பசங்க பாஷையில் சொன்னா, ஃபண்டிங் கிடைச்சாச்சு. ஆனா கப்பல்?

கம்பெனியிடம் சொந்தமா ஒரு கப்பல்கூட கிடையாது. பம்பாயில் ஷா லைன் என்ற கம்பெனியின் கப்பல்களைக் குத்தகைக்கு எடுத்து ஓட்டினாங்க. இதைத்தான் சார்ட்டர் என்பார்கள். கப்பல் ஒருத்தருடையது, ஓட்டம் இன்னொருத்தருடையது. கார் வாடகைக்கு எடுத்து டாக்சி ஓட்டுறது மாதிரி. இதில் பெரிய ஆபத்து ஒண்ணு உண்டு. ஓனர் மனசு மாறினா உங்க தொழில் அன்னைக்கே நின்னுடும். நின்னுச்சு. பி.ஐ. கொடுத்த நெருக்கடியில் ஷா லைன் குத்தகையை ரத்து செய்தது. வ.உ.சி. கொழும்பிலிருந்து அவசரமாக ஒரு கப்பலைக் குத்தகைக்குப் பிடித்து ஓட்டத்தைக் காப்பாற்றினார். சொந்தக் கப்பல் இல்லாம இந்தக் கடலில் நிற்க முடியாதுன்னு அவருக்கு அப்போ புரிஞ்சது.

கப்பல் வாங்க அவர் வடக்கே கிளம்பிய நேரத்தில் மகன் உலகநாதன் படுத்த படுக்கை, மனைவி மீனாட்சி அம்மாள் கர்ப்பிணி என்று சொல்வார்கள். கப்பலோடு திரும்புவேன், இல்லாட்டி கடலிலேயே விழுந்து சாவேன் என்று சபதம் போட்டுவிட்டுப் போனாராம். திலகரின் உதவியோடு காரியம் முடிந்தது. 1907-ல் எஸ்.எஸ். காலியா தூத்துக்குடிக்கு வந்தது. பிரான்சிலிருந்து எஸ்.எஸ். லாவோ வந்தது. ஒவ்வொன்றிலும் சாதாரண வகுப்பில் மட்டும் சுமார் 1,300 பேர் போகலாம், 4,000 மூட்டை ஏற்றலாம். ஊரே கடற்கரைக்கு ஓடியது.

நாம ‘கப்பலோட்டிய தமிழன்’ படத்தில் சிவாஜியைப் பார்த்துக் கண் கலங்குறது இந்த இடம் வரைக்கும்தான் நல்லா நினைவில் இருக்கு. கம்பெனியின் உயிர் போன சண்டை இதுக்கப்புறம்தான் ஆரம்பிக்குது, அது கணக்கில் நடந்த சண்டை.

பி.ஐ. கட்டணத்தை ஒரு ரூபாயாகக் குறைத்தது. சுதேசி எட்டணாவாகக் குறைத்தது. உடனே பி.ஐ. இலவசமாகவே கூட்டிக்கிட்டுப் போறோம், கையோடு ஒரு குடையும் தர்றோம் என்று அறிவித்தது. சிரிப்பு வருதில்ல? புதுசா வந்த சிம் கார்டு கம்பெனி டேட்டாவை இலவசமா அள்ளிக் கொடுத்ததைப் பார்த்த தலைமுறை நாம. அதே ஃபார்முலாதான். கப்பல் தொழிலில் ரேட் வார் என்பாங்க. ஆனா இங்கே இலவசமா கொடுத்தது புதுசா வந்தவன் இல்லை, ஏற்கெனவே உட்கார்ந்திருந்தவன்.

ஒரு சின்னக் கணக்கு போட்டுப் பாருங்க. எட்டணா டிக்கெட்டில் 1,300 பேரும் ஏறினாங்கன்னு வைங்க. சாதாரண வகுப்பு வசூல் 650 ரூபாய். நிலக்கரி, மாலுமிச் சம்பளம், தோணிக் கூலி, துறைமுகக் கட்டணம், ரிப்பேர் எல்லாம் அதிலும் மூட்டைக் கூலியிலும்தான் வரணும். லைனராச்சே, பாதிக் கப்பல் காலியா இருந்தாலும் கிளம்பித்தான் ஆகணும். காலி இருக்கைக்கும் நிலக்கரி எரியும். பி.ஐ.க்கோ நூறுக்கும் மேல் கப்பல்கள். ரங்கூன், பாரசீக வளைகுடா, கிழக்கு ஆப்பிரிக்கா என்று எத்தனையோ ரூட். கொழும்பில் விட்டதை ரங்கூனில் எடுத்துக்கலாம். சுதேசிக்கு இருந்தது அந்த ஒரே ஒரு ரூட். தேசபக்தியில் ஜனங்கள் இலவசக் குடையை வேண்டாம்னு சொல்லிட்டுக் காசு கொடுத்து சுதேசிக் கப்பலில் ஏறியது நிஜம். எத்தனை மாசம் ஏறுவாங்க? வியாபாரி எத்தனை மூட்டையை அப்படி அனுப்புவான்? போதாததுக்கு மருத்துவச் சோதனை, துறைமுக விதி என்று அதிகாரிகளின் கெடுபிடி வேறு.

இன்னொரு முடிச்சும் இருக்கு. எந்த ஊரிலும் கப்பல் கம்பெனிக்காக டிக்கெட் விற்று, சரக்கு பிடித்து, பேப்பர் வேலை பார்ப்பவர் ஏஜென்ட். தூத்துக்குடியில் பி.ஐ.யின் ஏஜென்ட் ஏ.&எஃப். ஹார்வி. அதே ஹார்விதான் ஊரில் கோரல் மில்லையும் நடத்தியது. 1908 பிப்ரவரி 27 அன்று கோரல் மில் தொழிலாளர்கள் வேலைநிறுத்தம் தொடங்கினபோது முன்னால் நின்றவர்கள் வ.உ.சி.யும் சுப்பிரமணிய சிவாவும். கடலில் மோதிய அதே ஆளோடு கரையிலும் மோதினார். மில் இறங்கி வந்தது. கூலி உயர்ந்தது, வேலை நேரம் குறைந்தது, ஞாயிறு லீவு கிடைத்தது.

கம்பெனி இயக்குநர்கள் சிலருக்கு இதெல்லாம் வயிற்றில் புளியைக் கரைத்தது. நம்ம பணம் கப்பலில் இருக்கு, இவர் மேடையில் இருக்காரேன்னு அவங்களுக்குக் கவலை. அவர்களை நான் கோழைன்னு சொல்ல மாட்டேன். பங்குக் காசு போட்டவங்களுக்கு அந்தப் பயம் வரத்தான் செய்யும். ஆனா வ.உ.சி.க்குக் கப்பலும் மேடையும் வேற வேற இல்லை.

மார்ச் 12 அன்று கைது. மறுநாள் திருநெல்வேலி பற்றி எரிந்தது, துப்பாக்கிச் சூட்டில் நான்கு பேர் இறந்தார்கள். ஜூலை 7 அன்று நீதிபதி பின்ஹே இரட்டை ஆயுள் தண்டனை கொடுத்தார். மொத்தம் 40 வருஷம். ஹைகோர்ட் அதை ஆறு வருஷமாகக் குறைத்தது. கோயம்புத்தூர் சிறையில் மாடு இழுக்க வேண்டிய செக்கை அவர் இழுத்தார். அப்புறம் கண்ணூர் சிறை. 1912 டிசம்பரில் வெளியே வந்தபோது வயது 40.

உள்ளே இருக்கும்போதே கம்பெனி முடிஞ்சுபோச்சு. 1911-ல் கலைக்கப்பட்டது. கப்பல்கள் விற்கப்பட்டன. காலியாவை வாங்கியது யார் தெரியுமா? பி.ஐ.யேதான். அவர் சிறையில் செக்கிழுத்ததைவிட எனக்கு மனசு கனக்கிறது இந்த வரியில்தான்.

வெளியே வந்தவருக்கு வக்கீல் சன்னது இல்லை. மெட்ராஸில் அரிசிக் கடை, மண்ணெண்ணெய்க் கடை எனப் போட்டுப் பார்த்தார். எதுவும் சரியா நடக்கல. தென்னாப்பிரிக்கத் தமிழர்கள் அவருக்காகச் சேர்த்துக் கொடுத்த பணம் காந்தியிடம் இருந்தது. அதைக் கேட்டு 1915-ல் அவர் திரும்பத் திரும்பக் கடிதம் எழுதியிருக்கிறார். 10 லட்ச ரூபாய் கம்பெனி நடத்தியவர் காத்திருந்தது 347 ரூபாய் 12 அணாவுக்கு. அடுத்த வருஷம் அது வந்து சேர்ந்தது.

பிறகு வாலஸ் என்ற நீதிபதியின் உதவியால் சன்னது திரும்பக் கிடைத்தது. நன்றிக்கு மகன் ஒருவருக்கு வாலேசுவரன் என்று பெயர் வைத்தார். வெள்ளைக்காரன் பெயரா என்று அவர் யோசிக்கவே இல்லை பாருங்க. கோவில்பட்டியில் வக்கீல் தொழில், மிச்ச நேரமெல்லாம் திருக்குறள், தொல்காப்பியம். கடைசி வருஷங்களுக்குத் தூத்துக்குடிக்கே திரும்பினார். 1936 நவம்பர் 18 அன்று அந்த ஊர் காங்கிரஸ் அலுவலகத்தில் உயிர் பிரிந்தது.

அவர் சண்டை போட்ட ரூட்டும் அவருக்கு முன்னாடியே இளைத்துவிட்டது. 1914-ல் தனுஷ்கோடி – தலைமன்னார் வழி திறந்ததும் ரயில் பயணிகள் அந்தப் பக்கம் திரும்பிட்டாங்க. அதே வருஷம் பி.ஐ. கம்பெனி பி.&ஓ. என்ற இன்னும் பெரிய கம்பெனியோடு சேர்ந்தது.

ஆனா சரக்கு மட்டும் இன்னைக்கும் அதே பாதையில்தான் போகுது. தூத்துக்குடியில் ஏறும் கன்டெய்னர்களில் நிறைய சின்னக் கப்பலில் கொழும்பு போய், அங்கே கண்டம் தாண்டும் பெரிய கப்பலுக்கு மாறுது. சின்னக் கப்பலுக்கு ஃபீடர், மாற்றி ஏற்றுவதற்கு டிரான்ஸ்ஷிப்மென்ட் என்று பெயர். அன்னைக்குத் தோணி பார்த்த வேலையை இன்னைக்கு ஃபீடர் பார்க்குது, தூரம்தான் கூடிப்போச்சு.

துறைமுகத்துக்கு வ.உ.சிதம்பரனார் பெயரை வைத்தது 2011-ல். அதே வருஷம் ஜூனில் தூத்துக்குடிக்கும் கொழும்புக்கும் மறுபடி ஒரு பயணிகள் கப்பல் விட்டாங்க. கூட்டம் சேரல. நவம்பரில் அதுவும் நின்னுபோச்சு.