விண்வழி கண்ட விக்கிரம் சாராபாய்

அகமதாபாத்து நகரில் 1919ஆம் ஆண்டு செல்வக் குடியொன்றில் தோன்றியவர் விக்கிரம் சாராபாய். இவர் பெங்களூரில் சர் சி. வி. இராமனிடம் அண்டக்கதிர் ஆராய்ச்சி பயின்றவர். திருவனந்தபுரத்தை அடுத்த தும்பா என்னும் மீனவர் சிற்றூரில், 1963ஆம் ஆண்டு, இவர் முயற்சியால் அமெரிக்க நாட்டு இராக்கெட்டு ஒன்று விண்ணில் எழுந்தது. ஆங்கிருந்த மாதா கோயிலே அலுவலகமாயிற்று.

இரவற் கலத்தால் அவர் உள்ளம் நிறையவில்லை. 1967இல், 75 மில்லிமீட்டர் விட்டமே உடைய ரோகிணி என்னும் சிறு கலத்தை நம்மவரே செய்து ஏவினர். அதனை உந்தியது திண்ம எரிபொருள். வாண மருந்துபோல் இறுகிய அவ்வெரிபொருளில் மயிரிழை வெடிப்பு இருப்பினும் கலம் சிதறக்கூடும். மூட்டியபின் அணைத்தலும் அரிது.

அத்தகைய எரிபொருளாலேயே துணைக்கோளை ஏற்றும் நான்கடுக்குக் கலம் சமைக்க வழிவகுத்த சாராபாய், 1971 டிசம்பர் 30இல், ஐம்பத்திரண்டாம் வயதில் கோவளத்தில் உயிர்நீத்தார்.

பணியோ நிற்கவில்லை. இராமேசுவரத்து அப்துல் கலாம் தலைமையேற்றார். 1979இல் எழுந்த முதற்கலம், இரண்டாம் அடுக்கின் கட்டுப்பாட்டுக் கருவியில் அமிலம் கசிந்தமையால் கடலில் வீழ்ந்தது. அறிஞர் தளராது பிழையை ஆராய்ந்து திருத்தினர். 1980 ஜூலை 18இல், ஆந்திரக் கரையிலுள்ள ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து எழுந்த கலம், 35 கிலோகிராம் எடையுள்ள ரோகிணித் துணைக்கோளைப் புவியைச் சுற்றிவரச் செய்தது.

மாணவர்களே! பனை விதைத்தவர் நுங்கு காணாது போதலும் உண்டு. அதற்கு அஞ்சி விதையாதிருத்தல் தகுமோ?