ஆசிரியர் அமைத்த அணி

உலகம் அறிந்த கால்பந்துக் கழகங்களுள் ஸ்பெயின் நாட்டின் ரியல் மாட்ரிட் கழகமும் ஒன்று. 1902-ஆம் ஆண்டு தொடங்கப்பெற்ற அக்கழகம், 1956 முதல் 1960 வரை ஐரோப்பியக் கோப்பையைத் தொடர்ந்து ஐந்து முறை வென்று பெரும்புகழ் எய்தியது. அதன் சின்னம் பொறித்த சட்டையை அணிந்து விளையாடும் சிறுவரைப் பெங்களூருவின் பீன்யாத் தொழிற்பேட்டையை ஒட்டிய திடல்களிலும் காணலாம். ஆயின், அக்கழகம் தன் முதல் ஐரோப்பியக் கோப்பையை வெல்லும் முன்னரே, நம் நாட்டு அணி ஒன்று பெருமைமிக்க கோப்பை ஒன்றைத் தொடர்ந்து ஐந்து முறை வென்று முடித்திருந்தது. அது ஹைதராபாத் நகரக் காவல்துறை அணியாகும். அவ்வணி 1950 முதல் 1954 வரை வென்றது, பம்பாயில் நடைபெற்றுவந்த ரோவர்ஸ் கோப்பையை. அவ்வணியைப் பயிற்றுவித்தவர் ஒரு பள்ளி ஆசிரியர். அவர் பெயர் சையது அப்துல் ரஹீம்.

இளமையும் ஆசிரியப் பணியும்

ரஹீம் 1909-ஆம் ஆண்டு ஆகஸ்டுத் திங்கள் 17-ஆம் நாள் ஹைதராபாத்தில் பிறந்தார். அந்நாளில் அந்நகரம் நிஜாம் மன்னரின் ஆட்சிக்கு உட்பட்ட அரசின் தலைநகராக விளங்கியது. உருது, தெலுங்கு, மராத்தி, கன்னடம் எனப் பல மொழி பேசுவோர் அவ்வரசில் வாழ்ந்தனர். அருகிலுள்ள செகந்தராபாத்தின் கன்டோன்மென்ட் பகுதியில், பிழைப்பை நாடி வந்த தமிழ்க் குடும்பங்களும் குடியிருந்தன.

உஸ்மானியா பல்கலைக்கழகத்தில் பயின்ற ரஹீம், அதன் கால்பந்து அணியிலும் இடம்பெற்று ஆடினார். கல்வி முடிந்தபின் ஆசிரியப் பணியை மேற்கொண்டார். காச்சிகுடா நடுநிலைப்பள்ளி முதலான பள்ளிகளில் பணியாற்றினார். பின்னர் உடற்கல்வியில் பட்டயம் பெற்று, மாணவர்க்கு விளையாட்டுப் பயிற்சி அளிக்கும் பொறுப்பையும் ஏற்றார். 1943-ஆம் ஆண்டு ஹைதராபாத் கால்பந்துச் சங்கத்தின் செயலாளரானார். தம் இறுதி நாள்வரை அப்பொறுப்பை அவர் வகித்தார்.

அந்நாளில் கால்பந்தாட்டத்திற்குப் பெயர்பெற்ற நகரங்களுள் பெங்களூரும் ஒன்றாக இருந்தது. 1891-இல் தொடங்கிய ரோவர்ஸ் கோப்பையை நெடுங்காலம் ஆங்கிலேயப் படைப்பிரிவுகளே வென்றுவந்தன. 1937-இல் இந்தியர் அணி ஒன்று முதன்முதலாக அதனைக் கைப்பற்றியது. பெங்களூர் முஸ்லிம்ஸ் என்னும் அணியே அச்சிறப்பைப் பெற்றது. ஹைதராபாத் காவல்துறை அணி பெற்ற பெருவெற்றிகளின் தொடக்கமும் பெங்களூரிலேயே நிகழ்ந்தது. 1943-இல் இந்நகரில் நடைபெற்ற ஆஷ் தங்கக் கோப்பைப் போட்டியில் அவ்வணி வாகை சூடியது.

புதிய பயிற்சி முறை

பந்தைத் தன் காலிலேயே வைத்துக்கொண்டு எதிரணியினரை ஒருவர்பின் ஒருவராகக் கடந்து செல்வதே திறமை எனப் பலரும் கருதிய காலம் அது. ரஹீம் வேறு வகையாகச் சிந்தித்தார். ஒருவர் ஓடும் விரைவைவிடப் பந்து உருளும் விரைவு மிகுதி. ஆகையால், பந்தை உரிய நேரத்தில் தோழனிடம் சேர்ப்பதே அணியின் வலிமை என அவர் கண்டார்.

இக்கருத்தை அவர் சொற்பொழிவாகக் கூறவில்லை. விளையாட்டு விதியாகவே அமைத்தார். பந்தை ஓரிரு முறைக்குமேல் தொடக்கூடாது என்னும் விதியுடன் இளைஞர்க்குப் போட்டிகளை நடத்தினார். அவ்விதியின்கீழ் ஆடும் சிறுவன், பந்து தன்னிடம் வருமுன்னரே தன் தோழர் எங்கெங்கு நிற்கின்றனர் எனப் பார்த்துவைத்தாக வேண்டும். அதனால் அவன் கண்கள் தரையை விட்டு நிமிர்ந்தன. வலக்கால் பழக்கமுடையவர் இடக்காலால் மட்டுமே ஆடவேண்டும் என்னும் போட்டிகளையும் அவர் நடத்தினார். ஒரு காலை மட்டும் நம்பி ஆடுபவர் எப்பக்கம் திரும்புவார் என்பதை எதிரணியினர் எளிதில் அறிந்துகொள்வர். இரு கால்களும் பழகியவரைத் தடுப்பது அரிது.

1950-இல் ரஹீம் ஹைதராபாத் நகரக் காவல்துறை அணியின் பயிற்றுநரானார். அவ்வாண்டிலேயே அவ்வணி ரோவர்ஸ் கோப்பை, டூரண்டு கோப்பை ஆகிய இரண்டையும் வென்றது. 1954-இலும் 1957-இலும் டூரண்டு கோப்பை மீண்டும் அதன் கைக்கு வந்தது. மாநில அணிகளுக்கிடையே நடைபெறும் சந்தோஷ் கோப்பையையும் ஹைதராபாத் அடுத்தடுத்து இருமுறை வென்றது. பின்னர் ஆந்திரக் காவல்துறை என்னும் பெயருடன் ஆடிய அவ்வணி, 1961-இல் டூரண்டு கோப்பையை மற்றுமொரு முறை வென்றது.

தோல்வி தந்த பாடம்

நாட்டு அணிக்கும் ரஹீமே பயிற்றுநராக அமர்த்தப்பட்டார். 1951-இல் புதுதில்லியில் நடைபெற்ற முதலாம் ஆசிய விளையாட்டுப் போட்டியின் இறுதி ஆட்டத்தில் இந்தியா ஈரானை ஒரு கோல் வேறுபாட்டில் வென்று தங்கம் பெற்றது.

மறு ஆண்டே பெருந்தோல்வி நேர்ந்தது. 1952-இல் ஹெல்சிங்கி ஒலிம்பிக்கில் யூகோஸ்லாவியா 10 கோல்கள் அடித்தது. இந்தியா ஒன்றே ஒன்று அடித்தது. அந்த ஒரு கோலை அடித்தவர் பெங்களூரில் பிறந்த அகமது கான். குளிர் மிகுந்த அவ்வயல்நாட்டில் இந்திய ஆட்டக்காரர் பலர் வெறுங்காலுடன் ஆடினர். அத்தோல்விக்குப் பின்னர், காலணி அணிந்தே ஆடவேண்டும் என்பது இந்தியாவில் விதியாயிற்று.

ரஹீம் மனந்தளரவில்லை. நான்கு ஆண்டுகள் கழித்து, 1956-இல் மெல்போர்ன் ஒலிம்பிக்கில் அவருடைய அணி ஆஸ்திரேலியாவை 4-2 என்னும் கணக்கில் வென்றது. நெவில் டிசூசா அவ்வாட்டத்தில் மூன்று கோல்கள் அடித்தார். ஒலிம்பிக் கால்பந்தின் அரையிறுதியை எட்டிய முதல் ஆசிய நாடு என்னும் சிறப்பு இந்தியாவுக்குக் கிட்டியது. இறுதியில் இந்தியா நான்காம் இடம் பெற்றது.

செகந்தராபாத்தின் தமிழ்ச் சிறுவர்

ரஹீம் திறமையைத் தேடிச் செல்லும்போது மொழியையோ குடும்பத்தின் வசதியையோ பார்த்ததில்லை. செகந்தராபாத்தை அடுத்த அம்முகுடாவில் ஏழ்மை நிறைந்த தமிழ்க் குடும்பத்தில் பிறந்தவர் துளசிதாஸ் பலராம். அவருடைய ஆட்டத்தைக் கண்ட ரஹீம், ஹைதராபாத் அணியின் பயிற்சிக்கு அழைத்தார். நாள்தோறும் நகரத்திற்கு வந்துசெல்லும் வசதி பலராமுக்கு இல்லை. அதனை அறிந்த ரஹீம், வாடகை மிதிவண்டியில் வந்துசெல்லப் பணம் கொடுத்து உதவினார். அந்த இளைஞர் 1956-இலேயே மெல்போர்ன் ஒலிம்பிக்கிற்குச் சென்றார். 1960-இல் ரோம் ஒலிம்பிக்கில் ஹங்கேரிக்கு எதிராகவும் பெருவுக்கு எதிராகவும் கோல் அடித்தார்.

ஹைதராபாத்தில் பிறந்த மற்றொரு தமிழர் பீட்டர் தங்கராஜ். உயரமும் நீண்ட கைகளும் வாய்க்கப்பெற்ற அவர், இந்தியாவின் சிறந்த கோல்காவலராக உயர்ந்தார். நீலகிரியின் வெலிங்டனில் அமைந்த மதராஸ் படைப்பிரிவு மையத்தின் அணியில் ஆடி, 1955-இலும் 1958-இலும் டூரண்டு கோப்பையை வென்றவர் அவர். பயிற்றுநர் வேறாக இருந்தபோதும், நாட்டு அணியில் இவ்விருவரும் ரஹீமின் வழிகாட்டலில் ஒன்றாக ஆடினர்.

ஜகார்த்தாவில் பெற்ற தங்கம்

1962-இல் இந்தோனேசியத் தலைநகரான ஜகார்த்தாவில் ஆசிய விளையாட்டுப் போட்டி நடைபெற்றது. அப்போது ரஹீமை நுரையீரல் புற்றுநோய் பற்றியிருந்தது. ஆயினும், அவர் அணியுடன் சென்றார். பலராம், தங்கராஜ் ஆகியோருடன் அருமைநாயகம், எத்திராஜ் என்னும் தமிழரும் அவ்வணியில் இடம்பெற்றிருந்தனர். வங்காளம், பஞ்சாப், கேரளம், ஆந்திரம் எனப் பல பகுதிகளைச் சேர்ந்தோர் அங்கு ஓரணியாய்த் திரண்டனர்.

முதல் ஆட்டத்திலேயே இந்தியா தென்கொரியாவிடம் 0-2 எனத் தோற்றது. அடுத்த ஆட்டத்தில் தாய்லாந்தை 4-1 என வென்றது. எனினும் தடுப்பாட்டக்காரர் ஜர்னெயில் சிங் தலையில் காயமுற்றார். அதன்பின் ஜப்பானை 2-0 என வென்று, அரையிறுதிக்குள் நுழைந்தது. தலையில் தையலிட்ட நிலையிலிருந்த ஜர்னெயில் சிங்கை ரஹீம் அரையிறுதியில் முன்கள ஆட்டக்காரராக இறக்கினார். பலரும் எதிர்பாராத அம்முடிவு பலன் தந்தது. இந்தியா தென்வியட்நாமை 3-2 என வென்றது.

தைவான், இஸ்ரேல் நாட்டினரைப் போட்டியில் பங்கேற்கவிடாத இந்தோனேசியாவின் செயலை இந்திய விளையாட்டு அதிகாரி ஒருவர் கண்டித்திருந்தார். அதனால் சினமுற்ற மக்கள், அரங்கில் இந்திய அணியைக் கூச்சலிட்டுப் பழித்தனர். இறுதி ஆட்டத்திற்கு முந்தைய இரவு ரஹீம் தம் வீரர்களிடம், தமக்கு அவர்கள் அளிக்கவேண்டிய பரிசு அந்தத் தங்கமே என்று கேட்டுக்கொண்டார். செப்டம்பர் 4-ஆம் நாள் முதல் ஆட்டத்தில் தோற்கடித்த அதே தென்கொரியாவை இந்தியா மீண்டும் சந்தித்தது. பி.கே. பானர்ஜி முதல் கோலை அடித்தார். சிறிது நேரத்தில் ஜர்னெயில் சிங் இரண்டாம் கோலை அடித்தார். தங்கராஜ் கோலைக் காத்துநின்றார். 2-1 என்னும் கணக்கில் வென்று, ஆசிரியர் கேட்ட பரிசை மாணவர் அளித்தனர்.

மறைவும் புகழும்

மறு ஆண்டு, 1963-ஆம் ஆண்டு ஜூன் 11-ஆம் நாள் ரஹீம் மறைந்தார். அப்போது அவருக்கு வயது 53. சிறந்த பயிற்றுநர்க்கு நடுவண் அரசு வழங்கும் துரோணாச்சாரியார் விருது 1985-இல்தான் ஏற்படுத்தப்பட்டது. ஆனால் அவருடைய மாணவர் பலர் அருச்சுனா விருது பெற்றனர். 1962-இல் பலராமும் 1967-இல் தங்கராஜும் அவ்விருதைப் பெற்றனர். அவர் மகன் ஹக்கீமும் ரோம் ஒலிம்பிக் அணியில் இடம்பெற்ற ஆட்டக்காரர். ஜகார்த்தாவுக்குப் பின் ஆசிய விளையாட்டுப் போட்டியின் கால்பந்துத் தங்கம் இந்தியாவுக்கு இன்றுவரை கிட்டவில்லை.

கழகங்களின் பெருமையை அவை வென்ற கோப்பைகளால் எண்ணுவது வழக்கம். ரஹீமின் பெருமையை எண்ணப் புகுவோர், மிதிவண்டி வாடகைக்கு அவர் கொடுத்த சில்லறையையும் சேர்த்தே எண்ணவேண்டும். அச்சில்லறை இல்லையேல், அந்தத் தங்கப்பதக்க அணியில் பலராம் இருந்திருக்கமாட்டார்.

சொல்லும் பொருளும்

வாகை சூடுதல் – வெற்றி பெறுதல்
எய்துதல் – அடைதல்
கோல்காவலர் – கோல் விழாமல் தடுப்பவர்
பட்டயம் – படிப்பு முடித்தமைக்கான சான்று
நடுவண் அரசு – மத்திய அரசு

பயிற்சி

1. பந்தை ஓரிரு முறையே தொடலாம் என்னும் விதியால் சிறுவர்க்கு விளைந்த நன்மை யாது?
2. ஹெல்சிங்கித் தோல்விக்குப் பின் ஏற்பட்ட மாற்றத்தை எழுதுக.
3. ரஹீம் பலராமுக்கு எவ்வாறு உதவினார்? அவ்வுதவியின் பயன் யாது?
4. பிரித்து எழுதுக: அவ்வணி, இக்கருத்து, பெருவெற்றி.
5. பீன்யாவில் உங்கள் தெருவில் விளையாடும் சிறுவர் எந்தெந்த மொழிகளைப் பேசுகின்றனர்? அவர்களைக் கொண்டு ஓர் அணி அமைப்பதாயின், அதற்கு நீங்கள் வகுக்கும் விதிகள் மூன்றனை எழுதுக.