சர் பிரெடெரிக் பாண்டிங்

திருத்தங்கலில் நம் அண்டைவீட்டுச் சிறுவனொருவன் நாடோறும் இன்சுலின் ஊசியால் உயிர்தரித்து வருகின்றான். அண்மையில் அவன் பல்துலக்குங்கால் ஈறுகளில் குருதி கசிந்ததென்று அன்னையார் கலங்கக் கண்டபோது, பாண்டிங்கின் சரித்திரம் நம் நினைவிற்கு வந்தது.

இவர் கானடா நாட்டு உழவர் குடியிலே 1891ஆம் ஆண்டு நவம்பர் 14ஆம் நாள் பிறந்தார். முதல் உலகப்போரிற் காயமுற்றுத் திரும்பிய இவ்விரண வைத்தியரை நாடி நோயாளர் மிகுதியாக வந்திலர்; வாராமையும் நன்றே போலும்! விரிவுரையொன்றிற்காக 1920ஆம் ஆண்டு ஓரிரவு கணையத்தைப் பற்றிப் பயிலுங்கால் ஓர் எண்ணம் உதித்தது. மறுவாண்டு டொரான்டோவில், பெஸ்ட் என்னும் 22 வயது இளைஞருடன் நாய்களிடம் சோதனை நிகழ்த்திக் கணையச் சாற்றை வடித்தெடுத்தார். 1922ஆம் ஆண்டு ஜனவரி 11ஆம் நாள் லெனார்ட் தாம்சன் என்னும் 14 வயதுச் சிறுவனுக்கு இட்ட முதல் ஊசி பயன்தரவில்லை. காலிப் என்பார் சாற்றைத் தூய்மைசெய்து தர, 12 நாட்கழித்து மீண்டும் இட்டனர். சாவை எதிர்நோக்கிக் கிடந்த பிள்ளை தேறினான்.

நோபெல் பரிசில் தம் பங்கிற் பாதியைப் பெஸ்டுக்கு ஈந்த இவர், 1941இல் விமான விபத்தில் மாண்டார்.

இன்சுலினுக்கு முன், இந்நோயுற்ற பாலகர் பட்டினிப் பத்தியத்தில் மெலிந்து மாய்ந்தனர். ஈறுநோய் முற்றுதற்கும் ஆயுள் போதவில்லை. இன்று ஆயுளுண்டு. ஆயின் குருதியிற் சர்க்கரை மிகின் ஈறுகள் எளிதிற் புண்படும்; ஈறுநோய் முற்றின் சர்க்கரையை அடக்குதலும் அரிதாம். இதனை அவ்வன்னையார்க்கு எடுத்துரைத்தோம். வரும் சனியன்று சிறுவனைச் சிவகாசியிலுள்ள பல்வைத்தியரிடம் அழைத்துச் செல்கின்றோம்.