வாஷிங் மெஷின் மோட்டாரும் ஒரு கிட்டாரும்



கடைசி வருஷ புராஜெக்ட்டுக்கு எலெக்ட்ரிக் கிட்டார் பிக்கப் செய்யப் போகிறோம் என்று எங்க பேட்ச் சொன்னதும் கிளாஸே சிரித்தது. இது எலெக்ட்ரானிக்ஸா, பாட்டுக் கச்சேரியா என்று ஒரு கேள்வியும் வந்தது. அன்றைக்கு என்னிடம் பதில் இல்லை. பிறகு படிக்கப் படிக்கத்தான் தெரிந்தது, இதே கேள்வியால் ஒரு மனுஷன் வருஷக்கணக்கில் காத்துக் கிடந்திருக்கிறார் என்று. அவர் பெயர் ஜார்ஜ் பீச்சம்.

1899-ல் அமெரிக்காவின் டெக்சாஸ் மாநிலத்தில் பிறந்தவர். எஞ்சினியர் இல்லை, மேடைக் கலைஞர். வயலின் வாசிப்பார். மடியில் படுக்க வைத்து வாசிக்கிற ஹவாய் கிட்டாரும் வாசிப்பார். அவருடைய கவலை ஒன்றே ஒன்றுதான்: டிரம்ஸும் டிரம்பெட்டும் முழங்குகிற மேடையில் கிட்டார் யார் காதிலும் விழவில்லை!

முதலில் ஜான் டோப்பியேரா என்ற கைவினைஞரோடு சேர்ந்து, உள்ளே அலுமினியக் கூம்பு வைத்த உலோக கிட்டாரைக் கொண்டுவந்தார். லாஸ் ஏஞ்சல்ஸில் நேஷனல் என்ற கம்பெனி உருவானது. சத்தம் கூடியது, ஆனால் கூட்டாளிகளுக்குள் சண்டையும் கூடியது. டோப்பியேரா விலகிப் போனார். 1931-ல் பீச்சமுக்கும் அங்கே வேலை போனது.

இன்னொருத்தராக இருந்தால் பழையபடி மேடைக்கே போயிருப்பார். இவரோ இரவு வகுப்பில் சேர்ந்து மின்சாரம் படித்தவர். கிராமபோனின் பிக்கப்பைக் கழற்றி, ஒரு மரப்பலகையில் ஒற்றைக் கம்பியோடு பொருத்திப் பார்த்தார். அதிலிருந்துதான் அவருக்குச் சரியான வழி புலப்பட்டது. பெட்டியின் அதிர்வைப் பிடிப்பதை விட்டுவிட்டு, கம்பியின் அதிர்வையே நேராகப் பிடித்தால் என்ன?

நாம் படித்த ஃபாரடே விதிதான் இது. காந்தத்தின் பக்கத்தில் இருக்கிற எஃகுக் கம்பியும் காந்தமாகிவிடும். அதைத் தட்டினால் காந்தப்புலம் ஆடும். அந்த ஆட்டம் பக்கத்திலிருக்கும் காயிலில் மின்னழுத்தத்தைத் தூண்டும். கம்பி வினாடிக்கு 110 தடவை அதிர்ந்தால் 110 ஹெர்ட்ஸ் சிக்னல். ஆம்ப்ளிஃபயரும் ஸ்பீக்கரும் மிச்சத்தைப் பார்த்துக்கொள்ளும். நைலான் கம்பி போட்டால் ஒன்றும் வராது, அது காந்தத்துக்குக் கட்டுப்படாது.

பீச்சம் இரண்டு லாட காந்தங்களைக் கம்பிகளைச் சுற்றி வைத்தார். ஒவ்வொரு கம்பிக்கும் அடியில் ஒரு இரும்பு முனை, அவற்றைச் சுற்றி காயில். காயில் சுற்ற மெஷினுக்கு எங்கே போவது? வாஷிங் மெஷின் மோட்டாரைக் கழற்றி அதில் சுற்றினார். பால் பார்த் என்ற நண்பர் உதவினார். ஆராய்ச்சிக் கூடம் எது தெரியுமா? வீட்டுச் சாப்பாட்டு மேஜை!

ஹாரி வாட்சன் என்பவர் மரத்தில் உடல் செதுக்கிக் கொடுத்தார். பார்க்க தோசைக்கல்லுக்குக் காம்பு வைத்த மாதிரி இருக்கும். அதனால் வாணலி என்றே அதற்குப் பட்டப்பெயர். அடால்ஃப் ரிக்கன்பேக்கர் என்ற பட்டறைக்காரர் கூட்டாளியாகச் சேர, 1932-ல் வார்ப்பு அலுமினியத்தில் விற்பனைக்கு வந்தது. வந்த நேரமோ பெரும் பொருளாதார வீழ்ச்சி. வாங்க ஆளில்லை.

பேட்டன்ட் கதை இன்னும் மோசம். இது இசைக்கருவியா, மின்கருவியா என்று பரிசோதகர்கள் குழம்பினார்கள். கிட்டார் கலைஞர்களை அனுப்பி அவர்கள் எதிரிலேயே வாசித்துக் காட்ட வேண்டியிருந்தது. 1934-ல் போட்ட விண்ணப்பத்துக்கு 1937 ஆகஸ்ட் 10-ல்தான் உரிமை கிடைத்தது. அதற்குள் மற்ற கம்பெனிகள் எலெக்ட்ரிக் கிட்டாரை விற்க ஆரம்பித்தாயிற்று. மனம் விட்டுப்போன பீச்சம் 1940-ல் கம்பெனியை விட்டு வெளியேறினார். 1941-ல் கடலில் மீன் பிடிக்கப் போன இடத்தில் மாரடைப்பு. வயது 42. எலெக்ட்ரிக் கிட்டார் உலகத்தையே ஆட்டிவைத்த காலத்தை அவர் பார்க்கவே இல்லை.

எங்க கதைக்கு வருகிறேன். நாங்களும் ஒரு பழைய மோட்டாரில் பாபினை மாட்டி, தலைமுடி மாதிரி எனாமல் கம்பியைச் சுற்றினோம். இலக்கு 8,000 சுற்று. 3,000 தாண்டியதும் படக்கென்று அறுந்தது. விரலில் அழுத்திப் பிடித்தது என் தப்பு. இரண்டாவது முறை முழுசாகச் சுற்றினோம், ஆனால் மல்டிமீட்டர் முள் அசையவே இல்லை. உள்ளே எங்கோ கட். சாலிடர் பண்ணக்கூட முனை தெரியவில்லை. அன்று ராத்திரி புராஜெக்ட்டையே மாற்றிவிடலாம் என்று முடிவே பண்ணிவிட்டேன்.

சாப்பாட்டு மேஜையில் உட்கார்ந்திருந்த அந்த மனுஷன் ஞாபகம் வந்தார். அவருக்குப் பார்த்துச் செய்ய ஒரு மாடலும் இல்லை. மூன்றாவது காயிலை, கம்பியைத் தளர்வாக விட்டு, மெதுவாகச் சுற்றினோம். முள் அசைந்தது. ஸ்பீக்கரில் முதலில் 50 ஹெர்ட்ஸ் இரைச்சல்தான் வந்தது. எர்த் கொடுத்ததும் அது அடங்கியது. கம்பியைத் தட்டினேன்.

லேப் முழுக்கக் கேட்டது, நண்பர்களே! எலெக்ட்ரானிக்ஸா, கச்சேரியா என்று அப்புறம் யாரும் கேட்கவில்லை.

- மூன்றாமாண்டு மாணவன், மின்னணுவியல் துறை