திரும்பி வந்த அருளானந்தர்

பிப்ரவரி பிறந்தாலே நம் அருப்புக்கோட்டை, திருச்சுழிப் பக்கத்துக் கரிசல்காட்டு மக்களுக்கு ஓரியூர் நினைவு வந்துவிடும். 1985-இல் மாவட்டம் பிரிக்கப்படும் வரை நாமும் ஓரியூரும் ஒரே இராமநாதபுரம் மாவட்டந்தானே! அங்கே இரத்தம் சிந்திய புனித அருளானந்தரை, அதாவது ஜான் தெ பிரிட்டோவை, சற்றே சிந்திப்போம்.

1647 மார்ச் 1-ஆம் நாள் லிஸ்பனில் உயர்குடியில் பிறந்தார். அரண்மனையில் இளவரசர் பேதுருவின் தோழராக வளர்ந்தவர், 1662-இல் இயேசு சபையில் சேர்ந்தார். 1673-இல் இந்தியா வந்து, மதுரை மறைப்பணித்தளத்தில் காவியுடுத்தி, புலால் நீக்கி, பண்டார சுவாமியாக ஊர் ஊராய் நடந்தார். எளிய மக்களோடு தடையின்றிப் பழக இந்தக் கோலம் அவருக்கு உதவியது.

1686-இல் மறவர் நாட்டில் உபதேசியார்களோடு பிடிபட்டார். நீரில் அமிழ்த்தினார்கள், சுடுபாறையில் கிடத்தினார்கள். அவரோடு வதைபட்ட அந்த உபதேசியார்களின் பெயர்கள் நம்மில் எத்தனை பேருக்குத் தெரியும்? கிழவன் சேதுபதி விடுதலை செய்தார். ஆனால் தம் நாட்டில் போதிக்கக் கூடாதென்றார். பின்னர் சபைப் பணிக்காக அவர் ஐரோப்பா சென்றார்.

நம்மைப் பெரிதும் தொடுவது இதற்குப் பிறகு நடந்ததுதான். பழைய தோழர் பேதுரு இப்போது போர்த்துக்கல் மன்னர். அருளானந்தரைத் தம்மோடு இருத்திக்கொள்ள விரும்பினார். தங்கியிருந்தால் யார் குறை சொல்லியிருப்பார்கள்? தொடக்கத் திருச்சபையில் ஸ்மிர்னா ஆயர் புனித பொலிக்கார்ப்பும், நண்பர்கள் வற்புறுத்தியதால் முதலில் ஊருக்கு வெளியே ஒதுங்கியிருந்தவர்தான். சாவைத் தேடி ஓடுவதைத் திருச்சபை ஒருபோதும் வீரமென்று மெச்சியதில்லை. ஆனால் பிடிக்க வந்தவர்களுக்கு உணவளிக்கச் சொன்னார் பொலிக்கார்ப். அருளானந்தரோ தம் மக்களை விட்டுவிட மனமின்றி 1690-இல் கப்பலேறித் திரும்பிவிட்டார். பேருந்தில் சிலுவை அடையாளம் வரையக் கூசும் நமக்கு இது சற்றுச் சுடத்தான் செய்கிறது.

நோயிலிருந்து குணமடைந்த தடியத்தேவர் 1693 ஜனவரி 6-இல் திருமுழுக்குப் பெற்றார். அதற்காக முதல் மனைவியைத் தவிர மற்றவர்களை விலக்கினார். விலக்கப்பட்டவர்களில் இளையவரான கடலாயி, சேதுபதியின் உறவுப்பெண். அவரைக் கொடியவராகவே சித்தரிப்பது நம் வழக்கம். கணவர் மனம் மாறியதால் ஒரே நாளில் வாழ்விழந்த ஒரு பெண்ணின் கண்ணீரையும் நாம் எண்ணிப் பார்க்கலாம்.

அவருடைய முறையீட்டால் ஜனவரி 8-இல் அருளானந்தர் கைதானார். தலைநகரில் கொல்லத் துணியாத சேதுபதி, அவரை ஓரியூரிலிருந்த தம் சகோதரர் உடையத்தேவரிடம் அனுப்பினார். சாவுக்கு முந்திய நாள், சிறையிலிருந்து உடன் குருக்களுக்குக் கரியால் மடல் எழுதினார். பிப்ரவரி 4-இல் பாம்பாற்றங்கரையில் தலை வெட்டப்பட்டது.

1947 ஜூன் 22-இல் திருத்தந்தை பன்னிரண்டாம் பத்திநாதர் அவரைப் புனிதராக அறிவித்தார். அந்த இடத்துச் செம்மண்ணை இன்றும் மக்கள் ஒரு பிடி அள்ளி, முந்தானையில் முடிந்துகொண்டு ஊர் திரும்புகிறார்கள்.